வலப்பக்கம் இரண்டாவது ஆள்

இன்று காலை மெக்கானிக் என் ஸ்கூட்டரின் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். என் கையிலும் கருப்பு ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு கொத்து வேஸ்ட் பஞ்சைப் பிய்த்து நீட்டினார். மில்லில் கழித்துப் போட்ட, நூலும் தூசியுமாகச் சிக்கிக் கிடக்கிற பஞ்சு. எண்ணெயும் பருத்திக்கொட்டையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. வாங்கித் துடைத்தேன். முதலில் வலது உள்ளங்கை, பிறகு இடது. துடைத்து முடித்ததும் இடது கை தானாகப் போய் இடுப்பைப் பிடித்து பேன்ட்டை மேலே இழுத்துவிட்டது. தலை லேசாக வலப்பக்கம் திரும்பியது. அங்கே பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த்தொட்டி இருந்தது.

"என்ன சார், யாரையும் தேடுதீயளா?" என்றார் மெக்கானிக்.

"இல்ல. வண்டிய பாருங்க" என்றேன். பஞ்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நீ போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது. உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய நல்லதையெல்லாம் மற்றவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கென்று மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. நான் உன்மேல் பொறாமைப்பட்டேன். சுமார் நாற்பது வருடம், ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல். அரசாங்க வேலையில்கூட நான் அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் கூடைப்பந்து காய்ச்சல் மாதிரி பரவியிருந்தது உனக்குத் தெரியும். தெருவுக்கு ஓர் அணி, மில்லுக்கு ஓர் அணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் தெருவில் அது நம் இரண்டு பேரைத்தான் தொற்றியது. மதியம் மூன்றரை மணி பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு போய், சிமெண்டுத் தரையில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு, வியர்வை காய்வதற்குள் திரும்பும் பஸ்ஸைப் பிடிப்போம். ஓட்டத்தில் நான் உனக்குக் குறைந்தவன் இல்லை. உயர எழும்புவதில் ஒருபடி மேல். ஃப்ரீ த்ரோ என்று ஒன்று இருந்ததுதான் என் துரதிருஷ்டம்.

எதிராளி தப்பாட்டம் ஆடினால் கிடைக்கிற இலவச எறிதல் அது. கூடைக்குப் பதினைந்தடி தள்ளி ஒரு கோடு. அதில் ஒருவன் தனியாக நின்று எறிய வேண்டும். மறிக்க ஆள் கிடையாது, ஓட வேண்டியதில்லை. மற்றவர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, பந்து விழாவிட்டால் எழும்பிப் பிடிக்கக் காத்திருப்பார்கள். நீ எறியும்போது வலப்பக்கம் இரண்டாவது ஆள் நான். பத்துப் பேருக்கு நடுவில் ஓடிக்கொண்டே கூடையில் போடுகிறவனைச் சும்மா நின்று போடச் சொன்னால் சிலசமயம் கை நடுங்கிவிடும். நான் அந்த வகை. சும்மா நிற்பது எனக்கு அன்று மிகவும் கடினமாக இருந்தது. பிற்பாடு அரசாங்கம்தான் சம்பளம் கொடுத்துப் பழக்கியது.

நீ கோட்டுக்கு வருவதே வேறு மாதிரி இருக்கும். ரெஃப்ரி பந்தை நீட்டுவார். உடனே வாங்க மாட்டாய். இடுப்பில் செருகியிருக்கிற வேஸ்ட் பஞ்சை எடுத்து வலது உள்ளங்கையைத் துடைப்பாய், பிறகு இடதை. உன் அண்ணன் மில்லில் வேலை பார்த்ததால் உங்கள் வீட்டில் பஞ்சுக்குக் குறைவில்லை. அதைத் திரும்பச் செருகிய பிறகுதான் பந்து. காற்றடிக்கிற துளை உன் மூக்குக்கு நேராக வரும்வரை அதை உருட்டுவாய். மூன்று தட்டு, மூன்றாவது மட்டும் கொஞ்சம் உயரமாக. பந்தை வலது கையில் ஏந்திக்கொண்டு, இடது கையால் டிரவுசரை இடுப்பில் பிடித்து ஓர் இழுப்பு. கடைசியாகத் தலையை நூலளவு வலப்பக்கம் திருப்பி ஒரு பார்வை. அதன் பிறகு எறிவாய். இத்தனை வேலைக்கு நடுவில் எறிவதுதான் ஆகச் சின்ன வேலையாகத் தெரியும்.

சுற்றி நிற்கிற கூட்டம் சும்மா விடுமா? "ஏலே, மாப்பிள்ள கெளம்பிட்டாரா பாரு!" என்பான் ஒருவன். "பவுடர் போட இன்னும் செத்த நேரம் ஆகும்லே!" என்பான் இன்னொருவன். நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். ஒருநாள் பஸ்ஸில் உன்னிடம் கேட்டேன்.

"அம்புட்டுப் பேரு கத்துதானுக. உனக்கு அவசரமே வராதால?"

"பந்து என் கையிலல்லா இருக்கு" என்றாய். "அவசரம் அவனுகளுக்கு."

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் மிகையாகிவிடும். நன்றாகத் தூங்கினேன். எழுந்ததும் பொறாமை தயாராக இருந்தது, அவ்வளவுதான். உன் உயரம், உன் சுருட்டை முடி, பிற்பாடு உன் கல்யாணம் என்று பல விஷயங்களில் எனக்கு உன்மேல் எரிச்சல் உண்டு. அவையெல்லாம் கிளை அலுவலகங்கள். தலைமை அலுவலகம், நீ அந்தக் கோட்டில் நிற்கிற பத்து விநாடி.

ஆகவே திருடினேன். ஓட்டை வாளியின் இரும்பு வளையத்தைக் கழற்றி, எங்கள் வீட்டுப் பின்பக்கத்து முருங்கை மரத்தில் அடித்து, காலையில் உன் வரிசையை ஒன்றுவிடாமல் பழகினேன். துடைப்பு, துளை, மூன்று தட்டு, இடுப்பு, பார்வை. அம்மா துணி துவைத்துக்கொண்டே கவனித்திருக்கிறாள்.

"ஏலே, ஒவ்வொரு தடவையும் எதுக்கு இடுப்பப் புடிக்க? வயித்த வலிக்கா?"

"இது ஒரு முறைம்மா."

"என்ன முறையோ! டாக்டர்ட்ட ஒரு எட்டு காமிச்சிட்டு வந்து பொறவு எறி."

பந்து விழ ஆரம்பித்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் வரிசையைச் செய்தால் விழுந்தது. கொஞ்சம் சொந்தமாக எதையாவது சேர்த்தால் வளையத்தில் பட்டு வெளியே போனது. நான் பார்த்துப் பழகுவது உனக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. மறுநாள் இரண்டு கொத்துப் பஞ்சு கொண்டுவந்து ஒன்றை என்னிடம் நீட்டினாய். "இதையும் வச்சிக்கோல" என்றாய். திருட வந்தவனிடம் வீட்டுக்காரனே விளக்கைப் பிடித்தால் திருடனுக்கு எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று நீ யோசிக்கவே இல்லை.

பிறகு உன் அண்ணன் வேலை பார்த்த மில்லில் ஒரு வேலை காலியானது. மில் அணிக்கு ஆட்டக்காரன் ஒருவன் வேண்டும். எடுத்தால் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ். ஊரில் எத்தனையோ பேர் முயன்று, கடைசியில் நீயும் நானும் மிச்சம். நான் அந்த வேலையை எவ்வளவு விரும்பினேன் என்பதற்கு ஒரே அத்தாட்சி, முருகனுக்கும் ஆண்டாளுக்கும் தனித்தனியாக வேண்டிக்கொண்டது. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவருக்கு.

தேர்ந்தெடுக்க வந்த மில் அதிகாரி தொப்பி போட்டிருந்தார். அவருக்குக் கூடைப்பந்து தெரியாது. கொடைக்கானலுக்குப் போய் கோல்ஃப் ஆடுகிறவர். நம் இருவரையும் உட்காரவைத்து அந்த ஆட்டத்தை விளக்கினார். அதில் பந்து ஓடாதாம். புல்லில் அசையாமல் கிடக்குமாம். பெரிய பெரிய மனிதர்கள் அதைச் சுற்றிவந்து யோசிப்பார்களாம்.

"ஓடுற பந்த எவனும் அடிச்சிருவான் தம்பி. நிக்கிற பந்து முன்னாடிதான் மனுஷனுக்குக் கை ஒதறும். அதனால அடிக்கிறதுக்கு முன்னால என்னென்ன செய்யணும்னு ஒரு வரிசை வச்சிருப்போம். வரிசை மாறலேன்னா அடியும் மாறாது. நீங்க ஆளுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ போடுங்க. நான் பாத்துக்கிறேன்."

முதலில் நான். பத்துத் தடவையும் துடைத்தேன், துளை பார்த்தேன், தட்டினேன், இடுப்பைப் பிடித்தேன், வலப்பக்கம் பார்த்தேன். எட்டு விழுந்தது. கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நீ ஒவ்வொன்றுக்கும் கை தட்டினாய். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

உன் முறை வந்ததும் என்னிடம் சொன்னாய்: "செத்த அங்க நில்லு மாப்ள."

"எதுக்குல? இதுல யாரும் பந்து பிடிக்க வேண்டாம்லா?"

"சும்மா நில்லேன்."

உன் வெற்றியை நான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறாய் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, வலப்பக்கம் என் வழக்கமான இடத்தில் போய் நின்றேன். ஒவ்வொரு பந்தும் விழக்கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். ஏழு விழுந்தது. மூன்று விழவில்லை. அந்த மூன்றின்போது நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் இந்த மடல் அழகாக அமைந்துவிடும். உண்மையில் எனக்கு நினைவில்லை. எண்ணுவதிலேயே குறியாக இருந்தேன்.

எட்டு பெரிதா ஏழு பெரிதா என்பது ஒன்றாம் வகுப்புக் கணக்கு. அதிகாரி உன் தோளில் கைவைத்து, "நீங்க திங்கக்கிழமை வந்து சேருங்க" என்றார். "சார், நான் எட்டு" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி என்னைக் கனிவாகப் பார்த்தார். "தெரியும் தம்பி. அவரு பத்துத் தடவையும் அவரா இருந்தாரு. நீங்க பத்துத் தடவையும் அவரா இருந்தீங்க."

கேட்ட வாக்கியங்களில் பாதியை மறந்துவிட்டேன். படித்தவற்றில் முக்கால்வாசியை மறந்துவிட்டேன். இது மட்டும் கமா முற்றுப்புள்ளியோடு இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் நீயே டிக்கெட் எடுத்தாய். நம் ஊர் நெருங்கியதும் மெதுவாகச் சொன்னாய்: "எட்டு போட்டது நீதானல. நான் வேணா போயி சொல்லட்டா? அந்த வேலை உனக்கே ஆவட்டும்."

"வேண்டாம். நீயே போ. உனக்குத்தான் தேவை" என்றேன்.

அதைப் பெருந்தன்மை என்று நினைத்து, உன் வீட்டில் எல்லோரிடமும் சொன்னாய். உன் அம்மா என்னைக் கூப்பிட்டு அதிரசம் கொடுத்தாள். நீ சொல்லி அந்த வேலை எனக்குக் கிடைத்திருந்தால் என் கையில் வேலை மட்டும் இருந்திருக்கும். குறை இருந்திருக்காது. குறை இல்லாமல் எப்படி வாழ்வது என்று எனக்குத் தெரியாது. அதிரசத்தைத் தின்றேன். நன்றாக இருந்தது.

ஒன்றரை வருடத்தில் எனக்குத் தாலுகா ஆபீஸில் வேலை கிடைத்தது. ஊர் என்னைத்தான் அதிருஷ்டக்காரன் என்றது. நீ மூன்று ஷிப்டும் பஞ்சுத் தூசியில் நின்றாய்; நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். ஆனாலும் மில் அணியின் பனியன் போட்டுக்கொண்டு ஆடியது நீதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜபாளையத்துக்கு வந்து உன் ஆட்டத்தைப் பார்ப்பேன். நண்பன் எவ்வளவு பாசமாக வருகிறான் என்று உன் அணிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நீ ஃப்ரீ த்ரோவைத் தவறவிடுவதைப் பார்ப்பதற்காகப் பதினோரு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தேன்.

நீ தவறவும் விட்டாய். மில் அணிக்குப் போன பிறகு உன் கை முன்னைப்போல இல்லை. வரிசை அதேதான்: பஞ்சு, துளை, மூன்று தட்டு, இடுப்பு. வலப்பக்கம் பார்க்கும்போது மட்டும் உன் பார்வை ஒரு கணம் கூடுதலாக எதையோ தேடும். பிறகு எறிவாய். பாதிக்குப் பாதி விழும். நான் மேற்கு ஓரத்துப் படிக்கட்டில் முதுகில் வெயில் படும்படி சுகமாக உட்கார்ந்திருப்பேன். முதல் பாதியில் உங்கள் அணி பெரும்பாலும் வடக்குக் கூடையில் எறியும். நான் உனக்கு இடப்பக்கமாக இருப்பேன். போதுமான அளவு மகிழ்ந்ததும் பாதி ஆட்டத்தில் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன்.

ஒருநாள் ஆட்டம் தொடங்குமுன் படிக்கட்டுப் பக்கம் வந்தாய்.

"மாப்ள, அந்தப் பக்கம் போயி உக்காரேன்."

"ஏன், இங்க என்ன?"

"சும்மாதான்."

"அங்க வெயில் மூஞ்சில அடிக்கும்ல. நான் வரல."

"சரி, இரு" என்று போய்விட்டாய். அன்று நீ எறிந்த நான்கில் மூன்று வெளியே போனது. பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடமும் கிடைத்தது. முழுமையான ஞாயிறு.

தொண்ணூறுகளில் உனக்கு முழங்கால் போய்விட்டது. ஆட்டத்தை விட்டாய். அதற்கு அடுத்த ஆடியில் இரண்டு குடும்பமாகச் செண்பகத்தோப்புக்குப் போனோம், நினைவிருக்கிறதா? காட்டிலாகா செக்போஸ்டில் வண்டியை விட்டுவிட்டு, ஓடையில் குளித்து, புளியோதரை தின்றோம். ஓடையைக் கடக்க நான் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவ வேண்டியிருந்தது. ஈரக் கையைத் துண்டில் துடைத்தேன், வலது, இடது. இடுப்பைப் பிடித்து பேன்ட்டை இழுத்தேன். வலப்பக்கம் பார்த்தேன். தாவினேன்.

நீ கரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

"ஏலே, இன்னுமா இடுப்பப் புடிக்க?"

"பழக்கம்."

"நான் எதுக்குப் புடிச்சேன் தெரியுமால? அது எங்க அண்ணன் டிரவுசரு. எனக்கு ரெண்டு சுத்து பெருசு. நாடா வேற அந்துபோச்சி. புடிக்காட்டி கோர்ட்லயே அவுந்துரும்!"

உன் மனைவி சிரித்தாள். என் மனைவி இன்னும் அதிகமாகச் சிரித்தாள். பத்து வருடமாக நான் ஒரு மந்திரம் என்று நம்பிச் செய்துவந்ததில் ஒரு பகுதி, மானத்தைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. என் டிரவுசரோ அம்மா தைக்கக் கொடுத்த, அளவான டிரவுசர்.

நான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டேன்: "அப்போ வலப்பக்கம் பாத்தது? அங்க என்ன அவுந்துச்சி?"

நீ சிரிப்பை நிறுத்தினாய். காலால் தண்ணீரை அளைந்துகொண்டே சொன்னாய்: "நீ நிக்கியான்னு பாப்பேன். விழலேன்னா நீ எடுத்துருவேல்லா. அது தெரிஞ்சாத்தான் எனக்குக் கை வரும்."

அந்த நேரத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்திருப்பான் என்று இப்போது எனக்குத் தெரியும். நான் செய்தது இது:

"அப்போ நான் உனக்குப் பந்து பொறுக்குறவன். அதத்தான சொல்லுத?"

"அப்படியால சொன்னேன்?" என்றாய்.

துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்லி, என் மனைவியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். செக்போஸ்ட் வரைக்கும் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தாய். "கோவமால?" என்றாய். "கோவமெல்லாம் இல்ல" என்றேன். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் சந்தித்தோம், முழங்காலைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் பேசினோம். சரியாகப் பேசவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பத்து விநாடி எடுத்துக்கொண்டு யோசித்திருக்க வேண்டிய ஒரே பதிலை நான் ஓடிக்கொண்டே எறிந்துவிட்டேன்.

நீ போன அன்று உன் வீட்டுக்கு வந்தபோது தெரு முழுக்க ஆள். பழைய மில் அணிக்காரர்கள் பனியன் நிறத்திலேயே மாலை வாங்கிவந்து வரிசையாக நின்றார்கள். எனக்கு இவ்வளவு கூட்டம் வராது என்று அங்கேயே, உன் தலைமாட்டில் நின்றபடியே கணக்குப் போட்டேன். பொறாமையில் கடைசிவரை மாறாத ஆள் நான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வாய்க்கரிசி போட வரிசை நகர்ந்தது. என் முறை வந்ததும் வலது உள்ளங்கையை வேட்டியில் துடைத்தேன், பிறகு இடதை. அரிசியை அள்ளினேன். இடது கை இடுப்பைப் பிடித்தது. வலப்பக்கம் பார்த்தேன். சாமியானாக் கம்பம் நின்றது. அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. பின்னாலிருந்து உன் மச்சினர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, செத்த சீக்கிரம். ஆளு நிக்கி."

அவசரம் அவர்களுக்கு. அரிசி என் கையில் இருந்தது.

இத்தனை வருடம் நானும் வலப்பக்கம் பார்த்துவந்திருக்கிறேன். ஃபைல் அலமாரியைப் பார்த்திருக்கிறேன், தண்ணீர்த்தொட்டியைப் பார்த்திருக்கிறேன், கம்பத்தைப் பார்த்திருக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமலேயே திருடியிருக்கிறேன். நீ பார்த்தபோது அங்கே ஆள் இருந்தான். பந்து விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றாலும், விழாவிட்டால் எழும்பிப் பிடித்துக் கொடுப்பான் என்று நீ நம்பிய ஆள். அப்படி ஒருவன் உனக்கு இருந்தான் என்பதில்தான் இப்போது என் பொறாமை முழுவதும் இருக்கிறது. அவன் நானாகவே இருந்தும் அது குறையவில்லை.

ஸ்கூட்டர் சரியாக மதியம் மூன்று மணி தாண்டிவிட்டது. அங்கிருந்து ராஜபாளையத்துக்கு ஓட்டினேன். வழியில் தெரிந்தவர் ஒருவர் பிடித்துக்கொண்டதால் போய்ச் சேர மாலை ஐந்து ஆகிவிட்டது. மைதானத்தில் யாரும் இல்லை. வடக்குக் கூடைக்கு எதிரே ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். அதில் போய் நின்றேன். பையிலிருந்து பஞ்சை எடுத்து வலது உள்ளங்கையைத் துடைத்தேன், பிறகு இடதை. பந்து கொண்டுபோகவில்லை. இருந்திருந்தாலும் எறிந்திருக்க மாட்டேன்.

கோட்டைவிட்டு நகர்ந்து வலப்பக்கம் போனேன். இரண்டாவது ஆள் நிற்கிற இடத்தில், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கோட்டைப் பார்த்து நின்றேன். மலைக்குப் பின்னால் இறங்கப் போகிற வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. நகரவில்லை.